முள்ளை மறைத்த கை

அன்பரே, பிறரை அளக்கும் உமது அளவுகோலை நீர் கடைசியாக அளந்து பார்த்தது என்று?

விளக்குத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகம். அங்கே உட்புறமெல்லாம் வெண்மை பூசிய பெரிய இரும்புக் கோளம் ஒன்று உண்டு. விளக்கை அதன் நடுவே தொங்கவிட்டு மூடினால், அது எல்லாத் திசையிலும் உமிழும் ஒளியை மொத்தமாக வெளியே ஒரு முள் காட்டும். முள்ளின் கணக்கைச் சரிபார்க்க, ஒளியளவு உறுதியாகத் தெரிந்த மூல விளக்கு ஒன்றும், அதோடு ஒப்பிட்டு வைத்த தினசரி விளக்கு ஒன்றும் உண்டு.

சோதனையாளர் நல்லபெருமாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு அந்த வேலையைக் கற்பித்த தலைமை அதிகாரி ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு.

"மேடம், பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் மூல விளக்கை எரிக்க எனக்குப் பயமாக இருக்கிறது."

"ஏன் அண்ணே?"

"எரிய எரிய அது தேயும். அதை விட்டால் நமக்கு வேறு ஆதாரம் இல்லை. அதனால்தான் தினசரி விளக்கை வைத்தே முள்ளைச் சரிசெய்கிறேன்."

"கோயில் உற்சவர்கூட ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியே வருகிறார். உங்கள் மூல விளக்கு நான்கு ஆண்டாக வரவில்லை."

நல்லபெருமாள் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர்களிடம் விளக்கு வாங்கும் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் மேலாளர் எழுதியது.

'உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று ஆட்கள் முறையிடுகிறார்கள். விளக்குகள் சரி என்று உங்கள் சான்றிதழ் சொல்வதால், ஆட்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன்.'

ஜெசிந்தா கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்தார். மூல விளக்கைக் கோளத்துள் பொருத்தினார். மூடினார். மின்சாரம் கொடுத்தார்.

பிறகு உள்ளங்கையால் முள்ளை மறைத்துக்கொண்டார்.

"எவ்வளவு காட்டும்?"

"உண்மையைவிட நூற்றுக்கு இருபது கூடுதலாக."

சொன்ன பிறகே, தான் என்ன சொன்னோம் என்பது நல்லபெருமாளுக்கு உறைத்தது.

"பார்க்காமலே சொல்கிறீர்களே, அண்ணே."

"தினசரி விளக்கு மங்கிக்கொண்டே வந்தது, மேடம். முள் பழைய எண்ணில் வந்து நிற்கும்வரை, காலைதோறும் முள்ளை நகர்த்தும் திருகு குமிழைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினேன். மாதத்துக்கு மாதம் கூடியது. கைக்குத் தெரிந்தது."

"கடந்த ஆறு மாதத்தில் சோதனையில் எத்தனை விளக்கு தோற்றது?"

"ஒன்றுகூட இல்லை."

"நான் கையை எடுக்கட்டுமா?"

நல்லபெருமாள் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

"சுரங்கமா? விளக்கு ஆய்வகத்திலிருந்து நல்லபெருமாள் பேசுகிறேன். உங்கள் ஆட்களின் கண்ணில் பழுதில்லை, ஐயா. நான் கையெழுத்திட்ட விளக்குகளில்தான் பழுது. மதிய ஷிப்ட் எப்போது இறங்கும்?"

மறுமுனையின் பதிலைக் கேட்டதும் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிடம்தானா? ஒருவரையும் இறக்காதீர்கள். உள்ளே இருப்பவர்களை மேலே ஏற்றுங்கள். எழுத்து மூலம் நாளை தருகிறேன், ஐயா. வாயிலை இப்போதே மூடச் சொல்லுங்கள்."