சிவந்த உண்ணி

"ஊசி வேலை செய்யலை, மேடம்," என்றார் மருதையன்.

பெனிட்டா நுண்நோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"யார் சொன்னது?"

"செவலைப் பசுதான். காதடியில கை வச்சேன். கழுத்தடி அலைதாடியைத் தடவினேன். மடி இடுக்கில பார்த்தேன். ஊசி போடாத கறுப்பி மேல உண்ணி எப்படி அப்பிக் கிடக்கோ, அப்படியே இது மேலயும் கிடக்கு."

"பசு அப்படிச் சொல்லுச்சா? சரி. உண்ணி என்ன சொல்லுச்சு?"

மருதையன் தொழுவத்துக்குத் திரும்பிப் போனார்.

மலையடிவாரத்து ஆராய்ச்சிப் பண்ணை அது. பெனிட்டா அங்கே விஞ்ஞானி. மருதையன் பெரம்பலூர்ப் பக்கம் இருபது வருடம் மாட்டு டாக்டராக இருந்துவிட்டு, நீண்ட விடுப்பு போட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர்.

"நரை விழுந்த பிறகு பள்ளிக்கூடமா, டாக்டரே?" என்று ஊரில் கேட்டார்கள். சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

ஏறியதற்குக் காரணம் அவர் வீட்டு மாடு, மயிலை.

அதற்கு உண்ணிக் காய்ச்சல் கண்டது. மூத்திரம் காப்பித் தண்ணி மாதிரி போனது. அன்றைக்கு அவர் பக்கத்து ஊர் முகாமில் யார் யார் மாட்டுக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வீடு வந்தபோது, மனைவி தையல்நாயகி மாட்டின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மாடு விறைத்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் மாடு கட்டவில்லை. யார் வந்து கேட்டாலும் ஒரே பேச்சுதான்.

"உண்ணி கடிக்காத மாடு இருந்தா ஓட்டிட்டு வாங்க. கட்டுறேன்."

அந்த மாட்டைத் தேடித்தான் மருதையன் வந்தார்.

போனில் அவள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மாடு கத்தும். அது ஓயும்வரை இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தொழுவத்தில் வேறு ஆள் இல்லை.

செவலை காதை உதறியது. மறுபடி உதறியது. பிறகு அரிப்புத் தாங்காமல் தலையைக் கொண்டுவந்து அவர் தோளில் தேய்த்தது.

அவருக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு தகர டப்பாவில் சீமெண்ணெய் ஊற்றினார். ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி அதில் போட்டார். சின்ன வயதில் பழகிய கை. பசு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

ஆராய்ச்சிப் பசுவின் மேல் இருக்கும் உண்ணியை யாரும் தொடக்கூடாது. அது தானாகக் குடிக்க வேண்டும், தானாக விழ வேண்டும். பண்ணையில் முதல் நாளே சொல்லித் தருவது இது.

மறுநாள் டப்பாவோடு போய் நின்றார்.

"பிடுங்கிட்டேன், மேடம்."

பெனிட்டா டப்பாவைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"ஏன் சார்?"

"பார்த்துக்கிட்டு நிக்க முடியலை. இதையும் பாருங்க. வயிறு நிறைஞ்ச உண்ணி ஆமணக்கு விதை மாதிரி சாம்பலா இருக்கும். இது செக்கச்செவேல்னு குன்றிமணி மாதிரி இருக்கு. கறுப்பி மேல இருக்கறதைவிட இதுங்கதான் கூடக் குடிச்சிருக்கு. ஊசி போட்டு ரத்தத்துக்கு ருசி ஏத்திட்டோம் போல."

பெனிட்டா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அலமாரியைத் திறந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தார். பசுக்களிடமிருந்து தானாக விழுந்த உண்ணிகளை முட்டையிட வைத்திருந்த குப்பிகள்.

"எது எந்தப் பசுவோடதுன்னு சொல்லுங்க."

ஒன்றில் சாம்பல் நிற உண்ணிகள் வற்றிச் சுருங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் முட்டைக் குவியல், ஈர மணல் போல மினுங்கியது.

இன்னொன்றில் உண்ணிகள் சிவந்து, கால்களை நீட்டிச் செத்துக் கிடந்தன. பக்கத்தில் முட்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மருதையன் சிவந்த குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

அந்த ஊசியே உண்ணியின் குடலிலிருந்து எடுத்த ஒரு புரதம்தான். அதைப் போட்டால் பசுவின் ரத்தம் அந்தக் குடலுக்குப் பகையாகும். அவருக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதியிருக்கிறார்.

"குடல் ஓட்டையாயிருக்கு," என்றார் மெதுவாக. "குடிச்ச ரத்தம் உடம்பு முழுக்கக் கசிஞ்சிருக்கு. அந்தச் சிவப்பு."

"ம்."

"நான்..."

"சாட்சிகளைச் சீமெண்ணெயில முக்கிட்டீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மறுபடி முதல்லேர்ந்தா, மேடம்?"

"முதல்லேர்ந்து. வேற பசு. செவலை மேல உங்க கை பட்டுடுச்சு."

வேறு பசுவுக்கு ஊசி போட்டார்கள். ரத்தம் பகையாகும்வரை பொறுத்திருந்து, அதன்மேல் உண்ணிக் குஞ்சுகளை விட்டார்கள். அது காதை உதறும்போதெல்லாம் மருதையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காலையில் தரையைக் கழுவி, அந்தத் தண்ணீரை வடிகட்டி, விழுந்த உண்ணிகளைப் பொறுக்கினார். சிவந்துதான் விழுந்தன. குப்பியில் முட்டை சேரவில்லை.

பண்ணையில் எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள். மருதையன் தன் பங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இனிப்பு ஆகாதா?"

"அந்தப் பசு கடிபட்டதுதானே மேடம்? கடிபடாத பசுவை எப்போ பார்ப்பேன்?"

பெனிட்டா ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். ஆள் அகலத் துணி. ஒரு ஓரத்தில் கம்பு கோத்து, கம்பில் கயிறு கட்டியிருந்தது.

"மேய்ச்சல் காட்டுல இதை இழுத்துட்டு நடங்க."

நடந்தார். புல்லின் தலையைத் துடைத்துக்கொண்டு துணி பின்னால் வந்தது. வேலியோரம் வரை போய்த் திரும்பி வந்து விரித்துப் பார்த்தார்.

கசகசாவைத் தூவியது போல இருந்தது. தூவிய கசகசா நகர்ந்தது.

"குஞ்சு உண்ணி," என்றார்.

"புல்லு நுனியில ஏறி உட்கார்ந்து என்ன பண்ணுதுங்க?"

"பசுவுக்குக் காத்திருக்கு."

"நீங்க?"

அவர் தலை நிமிர்ந்தார்.

"நீங்களும் பசுவுக்குத்தானே காத்திருக்கீங்க? ரெண்டு பேருல யார் விலகறது?"

காற்றில் புல் சாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் செவலை கட்டிக் கிடந்தது. இந்தப் பக்கத்துப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊசி போட்ட பசுவை இதுல இறக்கினா?" என்றார் பெனிட்டா.

"எல்லாம் ஏறும். குடிக்கும். விழும்." அவர் நிறுத்தினார். "முட்டை இருக்காது."

"அதுக்குப் பின்னால வர்ற பசு?"

மருதையன் துணியைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"கிராமத்துல சோதிச்சுப் பார்க்க அனுமதி வந்தாச்சு," என்றார் பெனிட்டா. "உங்க ஊர்ப் பக்கம்தான். முதல்ல இறங்கற மாடுகள் வேணும். கடிபடும்னு தெரிஞ்சே கட்டுற ஆளும் வேணும்."

"காய்ச்சல் வந்தா?"

"வரலாம். டாக்டர் கூடவே இருக்கணும்."

சாயங்காலம் அவர் போன் போட்டார்.

"தையலு, மாடு கட்டலாமா?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ஊசி கண்டுபிடிச்சாச்சா?"

"பாதி."

"உண்ணி கடிக்காதுல்ல?"

"கடிக்கும்."

"அப்புறம் என்ன எழவுக்கு ஊசி? அத்தனை படிச்சு இதைச் சொல்லவா போன் பண்ணீங்க?"

அவர் வெள்ளைத் துணியைப் பற்றிச் சொன்னார். அதில் நகர்ந்ததைச் சொன்னார். சிவந்து விழுந்ததைச் சொன்னார்.

"அப்ப நம்ம மாடு கடிபட்டு, பின்னால வர்ற மாடெல்லாம் சொகமா மேயணும். அதானே?"

"அதான்."

"நல்லா இருக்கு நியாயம்."

"ம்."

"அது கடிபடறப்ப நீங்க எங்க இருப்பீங்க? முகாம்லயா?"

"மாட்டுப் பக்கத்துல."

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

"கன்னோடயா," என்றாள் தையல்நாயகி, "சினையாவா?"