நாகலூர்த் தலைவருக்குத் தலைசுற்றல்

தொப்பென்று ஒரு சத்தம்.

மூட்டைதான் சரிந்தது என்று நாகலூர் வெங்காய வியாபாரிகள் அவரவர் மூட்டைகளை எண்ணினார்கள். எல்லாம் சரியாக இருந்தன. அப்படியானால் விழுந்தது சங்கத் தலைவர் அங்கமுத்துதான் என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

அன்றைக்குத் தலைவர் தேர்தல். சந்தைக்கு இருப்பது ஒரே மின்விசிறி. அது தலைவர் நாற்காலிக்கு மேலேதான் சுற்றும். மறுபடியும் ஓட்டுக் கேட்க வெடுக்கென்று எழுந்தவர்தான், வணக்கம் சொல்வதற்குள் விழுந்துவிட்டார். எதிர்த்துப் போட்டியிட்ட சூசை, தைத்துக்கொண்டிருந்த சாக்கை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

வெங்காயம் வாங்க வந்திருந்த நர்சம்மா நாடி பார்த்தார்.

"படுத்தே இருங்க. காலை மூட்டை மேல தூக்கி வைங்க. சட்டுனு எழுந்தா ரத்தம் காலுக்கு இறங்கிடும், மூளைக்கு வரத்து குறையும். உடம்பே அதைச் சரிபண்ணிக்கும், அவகாசம் குடுக்கணும். முதல்ல உக்காருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா நில்லுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செயலாளர் காத்தவராயன் கலங்கினார். "தலைவர் தரையில கெடக்காரு. நாம அவருக்கு மேல நிக்கிறது மரியாதையாய்யா?"

எல்லாரும் படுத்து, மூட்டைமேல் காலைப் போட்டார்கள். சூசை மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ரத்தம் ஏண்ணே மேல ஏற மாட்டேங்குது?" என்று படுத்திருந்த ஒருவர் பக்கத்தில் படுத்திருந்தவரைக் கேட்டார்.

"தலைவர் அதுக்கு ஏத்துக்கூலி குடுத்தாரான்னு கேளு."

"இத்தனை வருசம் சும்மாதானே ஏறுச்சு?"

"அதான் இப்ப ஸ்டிரைக்கு."

"யோவ், ஓட்டெடுப்பு உண்டா இல்லையா?" என்று கத்தினார் சூசை.

காத்தவராயன் படுத்தபடியே அறிவித்தார்: "தலைவரை ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க!"

நர்சம்மா சொன்னபடி வியாபாரிகள் அத்தனை பேரும் முதலில் எழுந்து உட்கார்ந்தார்கள். அதோடு நின்றுவிட்டது.

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்?"

"நர்சம்மாவைத்தான் கேக்கணும்."

"அப்ப அவங்க வர்ற வரைக்கும் உக்காந்திருப்போம்."

காத்தவராயன் கண்ணை ஓட்டினார். நின்றுகொண்டிருந்தது ஒரே ஆள். "ஆதரவு ஒண்ணு."

"யோவ், நான் எதிர்க்கிறவன்யா!"

"அது அடுத்த ரவுண்டு. எதிர்க்கிறவங்க எழுந்து நில்லுங்க."

"நின்னுக்கிட்டுத்தானேய்யா இருக்கேன்!"

"நிக்கிறவரு எப்படிங்க எழுந்து நிப்பாரு? உக்காந்து எழுந்திரிங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு சூசை உட்கார்ந்தார். எழப்போனவரின் தோளை நாலு பேர் பாசத்தோடு அமுக்கினார்கள். "சட்டுனு எழாதீங்கண்ணே, ரத்தம் இறங்கிடும்!"

"எதிர்ப்பு யாருமில்லை. ஒரு ஓட்டு வித்தியாசத்துல தலைவர் ஜெயிச்சாரு!"

படுத்திருந்த அங்கமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சூசை, இத்தனை பேர்ல எனக்காக எழுந்து நின்னது நீ ஒருத்தன்தாண்டா."

சூசை சாக்கை மடியில் இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்.