மறக்கச் சொன்ன வித்தை

அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் பேச்சி, சிலம்பக் களத்தைப் பார்த்துப் பார்த்தே கம்பு சுற்றப் பழகிவிட்டாள். வாத்தியார் வீரணனுக்கு அது தெரிந்ததும் அவளை ராஜாவிடம் இழுத்துப் போனார்.

"மகாராஜா, இவள் என் வித்தையைத் திருடிவிட்டாள். எல்லாவற்றையும் இப்போதே மறக்கட்டும். இல்லாவிட்டால் ஊரைவிட்டே போகட்டும்!"

பேச்சி கும்பிட்டுச் சொன்னாள்: "மறந்துடறேன் சாமி. எதெது உங்க வித்தைன்னு ஒரு தடவை காட்டிடுங்க. தப்பா வேற எதையாவது மறந்துடக் கூடாதில்ல?"

வாத்தியார் வீறாப்பாகக் கம்பெடுத்தார். அடிவரிசை முழுவதையும் வீசிவிட்டு, சீடர்களுக்கே காட்டாத ஒரு சுழற்சியையும் சுழற்றினார்.

"கடைசியா சுத்தினதை நான் பார்த்ததே இல்லையே சாமி!" என்ற பேச்சி, கம்பை வாங்கி அதை அப்படியே சுழற்றினாள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "வீரணரே, இதை அவள் திருடவில்லை. என் கண்முன்னால் நீரே சொல்லிக்கொடுத்தீர். நாளை முதல் இவள் உம் மாணவி."

பேச்சி கம்பைக் கீழே வைக்காமலே கும்பிட்டாள்.