காலியாகத் திரும்பிய பெட்டி

பூமாவும் செர்வலும் அடுத்தடுத்த வேலிக்குள் இருந்தன.

அது அமெரிக்காவில், கலிஃபோர்னியா மலையடிவாரத்தில் இருந்த ஒரு காப்பகம். ஆசைக்கு வாங்கி வீட்டில் வளர்த்து, பிறகு பயந்துபோய்க் கைவிட்ட காட்டுப்பூனைகளும் புலிகளும் அங்கேதான் வந்து சேரும். செர்வல் என்பது ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. நெட்டைக் கால், உடம்பெல்லாம் புள்ளி, தலைக்குப் பொருந்தாத பெரிய காது. இந்தச் செர்வலை ஒரு பணக்காரர் குட்டியாக வாங்கினார். அது முதலில் அவருடைய சோபாவைக் கிழித்தது. பிறகு அவருடைய கையைக் கிழித்தது. உடனே இங்கே அனுப்பிவிட்டார்.

பூமா என்பது அமெரிக்க மலைச்சிங்கம். இந்தப் பூமா அந்த மலையிலேயே பிறந்தது. தாய் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு இங்கே வந்தது. உருவத்தில் செர்வலைவிடப் பல மடங்கு பெரிது. ஆனாலும் செர்வலை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும். அவ்வளவு பயந்த சுபாவம். இடி இடித்தால் மரக்கட்டைக்கு அடியில் தலையை மட்டும் ஒளித்துக்கொள்ளும். முதுகு முழுக்க வெளியே கிடக்கும்.

எதிர் வேலியில் ஒரு புலி. சாப்பாட்டைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அதற்குப் பெரிதில்லை.

அந்தக் காப்பகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் ஆனால் ரொசால்பா என்ற பராமரிப்புக்காரி ஓர் இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து வேலிக் கதவோடு ஒட்டி வைப்பாள். விசில் அடிப்பாள். மிருகம் பெட்டிக்குள் போக வேண்டும். பின்னால் கதவு இறங்கும். கொஞ்ச நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு ஒரு கோழி கிடைக்கும், கதவும் திறக்கும். இது எதற்கு என்று எந்த மிருகத்துக்கும் தெரியாது. கோழி கிடைக்கிறதே, அது போதாதா என்று எல்லாம் போய்வந்தன.

ஒரு குளிர்காலத்தில் கிழட்டுச் சிறுத்தை பெட்டிக்குள் போனது. அன்றைக்குக் கதவு திறக்கவில்லை. பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் வண்டி வந்தது, பெட்டியும் வந்தது. சிறுத்தை வரவில்லை. பெட்டியில் அதன் வாடை மட்டும் இருந்தது.

காப்பகமே நடுங்கிப்போனது.

“அதுக்கு ரொம்ப நாளா உடம்பு சரியில்லையே. நிக்கவே முடியலையே” என்றது பூமா, தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வது போல.

“உடம்பாவது ஒண்ணாவது! அந்தப் பெட்டி அதைத் தின்னுடுச்சு” என்றது செர்வல். “இவ்வளவு நாளும் நமக்குக் கோழியைக் காட்டிப் பழக்கினது இதுக்குத்தான். இனிமே நான் உள்ள போகமாட்டேன்.”

“அப்ப சாப்பாடு?”

“பாரேன்.”

அன்று சாயங்காலம் விசில் அடித்தது. செர்வல் ஒரு மூலையில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. ரொசால்பா மறுபடி விசில் அடித்தாள். கெஞ்சினாள். இருட்டப் போகும் நேரம் வரை நின்று பார்த்தாள். கடைசியில் பட்டினி போட மனசு வராமல் கோழியை வேலிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

செர்வலுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா? அவ மனசு இளகிடுச்சு. நாம அசையாம இருந்தாப் போதும். மூளை இருக்கிறவன் வெளியவே உக்காந்து தின்பான்.”

பூமாவும் வெளியே உட்கார்ந்து பார்த்தது. ஆனால் எதிர் வேலியில் புலி முன்னதாகவே பெட்டிக்குள் போய்விட்டு வந்து, சப்புக்கொட்டிக் கோழி தின்னும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருக்கப் பூமாவால் முடியவில்லை. சில நாளிலேயே தோற்றுப்போய் மறுபடி பெட்டிக்குள் போக ஆரம்பித்தது. போகும்போது கண்ணை மூடிக்கொள்ளும். கதவு இறங்கினால் உடம்பெல்லாம் உதறும்.

“உனக்குப் பயமே இல்லையா புலியம்மா?” என்று ஒருநாள் கேட்டது.

“இருக்கே. ஆனா பசி அதைவிட ஜாஸ்தியா இருக்கு” என்றது புலி.

செர்வல் விழுந்து விழுந்து சிரித்தது. “இப்படி வயித்துக்காக நடுங்கி நடுங்கிப் போறியே தம்பி, என்னைப் பார்த்துமா புத்தி வரலை?” பூமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. செர்வலோ அதற்குப் பிறகு பெட்டியின் பக்கம்கூடப் போகவில்லை.

கோடை முடியும் நேரம். புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. ஒருநாள் காலையில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அனல்காற்று அடித்தது. வானம் மஞ்சளாக மாறியது. தண்ணீர்த் தொட்டியில் சாம்பல் விழுந்து மிதந்தது. முயல்கள் வேலி ஓரமாக ஓடின. அவற்றுக்குப் பின்னால் மான்கள் ஓடின. இத்தனை பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனவே என்று ஒன்றுகூடப் பயப்படவில்லை. அவை வேறு எதற்கோ பயந்து ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு மலை உச்சியில் தீ தெரிந்தது.

வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. எல்லா வேலிக் கதவுகளிலும் பெட்டிகளை வைத்தார்கள். விசில்கள் அடித்தன.

“சாயங்காலம்கூட ஆகலை, அதுக்குள்ள கோழியா?” என்று முனகிக்கொண்டே புலி உள்ளே போய்ப் படுத்துவிட்டது. கதவு இறங்கியது. வண்டியில் ஏற்றினார்கள்.

“பாத்தியா, பாத்தியா! இன்னைக்கு எல்லாரையும் கொண்டுபோறாங்க!” என்று செர்வல் கத்தியது. “தம்பி, போகாத!”

பூமா செர்வலைப் பார்த்தது. மலையைப் பார்த்தது. தீ மரத்துக்கு மரம் தாவி இறங்கிக்கொண்டிருந்தது. பூமாவுக்குப் பயத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. யோசிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ரொசால்பா விசில் அடித்தாள். விசில் சத்தம் கேட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது, கால் தானாக நடந்தது. கண்ணைத் திறந்தபோது பூமா பெட்டிக்குள் இருந்தது.

அது உள்ளிருந்து கத்தியது. “அக்கா, வந்துடு! உள்ள ஒண்ணுமே இல்லை. வெறும் பெட்டிதான்.”

இப்போது புகை கீழே இறங்கிவிட்டது. செர்வல் இருமியது. வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கடைசியில் பெட்டியின் முன்னால் வந்து நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தது. காற்றில் இரும்புக் கதவு கடகடவென்று ஆடியது. துள்ளிப் பின்னால் போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடி துள்ளியது.

“வாக்கா!”

“வரேன்டா. வரணும்னுதான் நினைக்கிறேன்” என்று அழுதது செர்வல். “கால் வரமாட்டேங்குதே.”

மயக்க ஊசி போடுகிறவர் முன்னால் போன வண்டியில் சிங்கங்களோடு போய்விட்டிருந்தார். தீயணைப்பு ஆட்கள் ஓடிவந்து ரொசால்பாவின் கையைப் பிடித்தார்கள். “இனிமே ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாதும்மா. பாதை மூடிடும்.”

“அது இன்னும் உள்ளதான் இருக்கு!” என்றாள் அவள். அவர்கள் இழுத்தார்கள். போகும்போது அவள் பெட்டியைத் தள்ளிவிட்டு, வேலிக் கதவை அகலத் திறந்துவிட்டாள். எங்காவது ஓடியாவது பிழைக்கட்டும் என்று நினைத்தாள்.

வண்டி புறப்பட்டது. பெட்டியின் ஓட்டை வழியாகப் பூமா பார்த்துக்கொண்டே போனது. கதவு திறந்து கிடந்தது. செர்வல் அதன் வழியாக ஓடவில்லை. மரக்கட்டைக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தது. அந்தப் பெரிய காதுகள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு புகை மறைத்துவிட்டது.

தூரத்து ஊரில், குதிரைகள் கட்டும் கொட்டகை ஒன்றில் எல்லாப் பெட்டிகளையும் இறக்கினார்கள். எல்லா மிருகங்களுக்கும் கோழி கிடைத்தது. பூமா அதைத் தொடவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று பார்த்தது.

தீ அடங்கியதும் ரொசால்பா செர்வலுக்காக ஒரு காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு கோழியை வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். கருகிக் கிடந்த மலை முழுக்க விசில் அடித்துத் திரிந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து, பெட்டியைப் பூமாவின் பக்கத்தில் இறக்கி வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

பூமா மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. சிறுத்தை போன அன்று காலியாக வந்த பெட்டியில் சிறுத்தையின் வாடை இருந்தது. இந்தப் பெட்டியில் செர்வலின் வாடையே இல்லை. உள்ளே கோழி வைத்தது வைத்தபடி கிடந்தது.

புலிகூட அதைக் கேட்கவில்லை.

பயமில்லாத நாளில் பழகாத கால், பயம் வந்த நாளில் நம் பேச்சைக் கேட்காது.