ஐந்து பேருக்கு ஒரு வாசல்

சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு முப்பத்தாறு. சீடர் குருவை "டீச்சர்" என்பார். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். பாளையங்கோட்டையில் அது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

சீடரின் பெயர் தங்கையா. முப்பத்திரண்டு வருடம் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, கம்பியை வளைத்துச் சிற்பம் செய்யும் இசக்கியம்மாளின் பட்டறைக்கு வந்து நின்றார்.

"கம்பியைப் பத்தி எனக்குத் தெரியும் டீச்சர். மத்ததச் சொல்லித் தாங்க."

"மத்ததுன்னா?"

"அது எப்படி ஆளாகுதுன்னு."

இரண்டு வருடம் கழித்துத்தான் தங்கையா தன் முதல் பெரிய வேலையைத் தொடங்கினார். ஐந்து பேர், ஆளுயரம். அரைவட்டமாக நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர் கை அடுத்தவர் தோளில். கண், மூக்கு எதுவும் கிடையாது. கரண்டு போன தெருவில் அவர் கம்பத்தின் உச்சியில் இருக்கும்போது கீழே இப்படித்தான் நிற்பார்கள். இருட்டில் மேலிருந்து பார்த்தால் தலையும் தோளும்தான் தெரியும். யார் எவர் என்று அவர் கேட்டதில்லை. விளக்கு எரிந்ததும் கலைந்துவிடுவார்கள்.

அந்தப் பட்டறையில் கட்டுப்பாடு ஒன்றுதான்: தொடங்கிய கம்பியை முடிக்கும்வரை வெட்டக் கூடாது. ஐந்து பேரும் ஒரே கம்பி. ஒருவர் விரலாக ஓடிய கம்பி அடுத்தவர் தோளாகி, முதுகாகி, காலாக இறங்கி, மறுபடி மேலே ஏறிக் கையாகி, அதற்கடுத்தவரைத் தொட்டது. நாலு மாதம் ஆயிற்று.

இசக்கியம்மாள் அதைச் சுற்றிவந்து பார்த்தார். அன்றைக்கே மதுரைக்கு எழுதினார். அங்கே ஒரு கண்காட்சியில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் இந்த வருடம் தங்கையாவின் வேலை நிற்கட்டும் என்று கேட்டார். சரி என்று பதில் வந்தது. பெயர் அட்டைகூட அச்சாகிவிட்டதாம்.

தங்கையா அன்று சாப்பிடவில்லை. முப்பத்திரண்டு வருடம் அவர் செய்த வேலையை ஒருவரும் நின்று பார்த்ததில்லை. கம்பி அறுந்தால்தான் ஊருக்கு அவர் ஞாபகம் வரும்.

லாரி வந்த காலையில்தான் தெரிந்தது, சிற்பம் வாசலில் போகாது என்று.

தங்கையா அளக்காமல் எதையும் செய்கிறவர் அல்ல. பட்டறை வாசல் நாலடி. ஒவ்வோர் ஆளையும் டேப் வைத்து அளந்து குறித்திருந்தார். இரண்டடி, இரண்டேகால், ஒன்றேமுக்கால். எல்லாருமே அந்த வாசலில் தாராளமாகப் போவார்கள்.

"அஞ்சு பேரையும் சேத்து அளந்தீங்களா?" என்று கேட்டான் லாரி ஓட்டி வந்த பரமன்.

தங்கையா டேப்பை நீட்டினார்.

பரமனே டேப்பை வாங்கி அளந்தான். குறுக்கே பன்னிரண்டடி. வளைவின் ஆழம் ஆறடி. வெளியே வந்து சந்தின் அகலத்தையும் அளந்தான். எதிர்ச்சுவர்வரை ஐந்தடி.

"நடுவுல ஒரு வெட்டு வெட்டுங்க அண்ணாச்சி. ரெண்டாக் கொண்டுபோயி அங்க ஒரு வெல்டிங் வெச்சா முடிஞ்சுது. அஞ்சு மணிக்கு மேல அங்க வாங்கிக்க மாட்டாங்க."

தங்கையா கட்டிங் பிளேயரை எடுத்தார். ஒட்டுப் போட்ட கம்பியிலும் கரண்டு போகும்தான். ஆனால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று ஒட்டியவனுக்கு ஆயுசுக்கும் தெரியும். அந்தப் பெயர் அட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அவர் கண் அங்கேதான் போகும்.

இசக்கியம்மாளிடம் போய் நின்றார்.

"டீச்சர், எங்க வெட்டலாம்?"

இசக்கியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். முதல் உருவத்துக்குப் பின்னால் போனார். முதுகுப் பக்கம் இரண்டு மூன்று வளைவுகள்தான். குனிந்து, அவற்றுக்கு நடுவே நுழைந்து, நிமிர்ந்தார். கம்பி மனிதரின் தோள் அவர் தோளில் உட்கார்ந்தது.

"வெளிய நின்னு தூக்குனா, தூக்குறவங்களுக்கும் சேத்து வாசல் வேணும்" என்றார். "உள்ள நின்னா கை வளைஞ்சு கொடுக்கும், ஒவ்வொருத்தராப் போகலாம். இன்னும் நாலு பேரைக் கூப்பிடுங்க."

"நானா?" என்றான் பரமன். "நான் டிரைவர் டீச்சர்."

"அப்ப உங்களுக்குத் திரும்பத் தெரியும். ரெண்டாவது ஆளு நீங்க."

சந்து முனையில் டீக்கடை வைத்திருந்த மைதீன், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல பருமன். மூன்றாவது உருவத்துக்குள் பாதி போனதும் நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, செய்யும்போது என்னைய நெனச்சுச் செய்யலியே."

"மூச்ச இழுங்க பாய்."

மைதீன் மூச்சை இழுத்து உள்ளே போனார். விட்டபோது கம்பி கிறீச்சென்றது.

அந்த நேரத்தில்தான் தங்கையாவின் மனைவி ரோஸ்லின் தூக்குச்சட்டியோடு வந்தாள். வழிக்குச் சாப்பாடு. கணவர் இரண்டு வருடமாகப் போய்வரும் இடத்துக்குள் அவள் காலடி வைப்பது அதுதான் முதல்தடவை. மைதீனைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா வீட்டு ஃபேன் ரெண்டு வருசமாச் சுத்தாமக் கெடக்கு?"

"ரோசு, பெறகு பேசலாம்" என்றார் தங்கையா.

"மதினி, நாலாவது இடம் காலியா இருக்கு" என்றார் இசக்கியம்மாள்.

ரோஸ்லின் தூக்குச்சட்டியை ஓரமாக வைத்தாள். முணுமுணுத்துக்கொண்டேதான் நுழைந்தாள். ஆனால் நுழைந்ததும் பேச்சு நின்றது. பக்கத்து உருவத்திலிருந்து நீண்டு வந்த கை அவள் தோள்மேல் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள்.

தங்கையா வாசலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"நான் மேல நின்னு பாத்துச் சொல்லுதேன். சொல்லுத பக்கம் திரும்புங்க."

"அஞ்சாவது ஆளுக்குள்ள யாரு?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

"அத பரமன் ஒரு கையால பிடிச்சிக்கட்டும்."

"பரமன் ரெண்டாவது ஆளுல்லா?"

தங்கையா ஸ்டூலிலிருந்து கீழே பார்த்தார். கீழே நாலு தலையும் நாலு தோளும் தெரிந்தன. நாலு பேரும் அண்ணாந்து அவரைப் பார்த்தார்கள். இந்தத் தடவை முகம் இருந்தது.

இறங்கி வந்து ஐந்தாவது உருவத்துக்குள் நுழைந்தார்.

எழுந்தார்கள். எடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இசக்கியம்மாள் வாசலைத் தாண்டிச் சந்தில் திரும்பியதுமே சிக்கல் ஆயிற்று. தங்கையா கடைசியிலிருந்து குரல் கொடுத்தார். "எடது. எடது. பாய், நீங்க வலது."

"எனக்கு வலதா, ஒங்களுக்கு வலதா?"

"ஒங்களுக்கு. ஐயோ, நில்லுங்க. பரமா, நீ ஏன் திரும்புத?"

"நீங்கதான எடதுன்னீங்க."

"அது டீச்சருக்குச் சொன்னேன்."

இரண்டாம் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் நடுவே கை விறைத்து நின்றது. இன்னும் ஓர் அங்குலம் இழுத்தால் கம்பி மடிந்துவிடும். மடிந்த கம்பியை நிமிர்த்தினால் அந்த இடத்தில் அறும். தங்கையாவுக்கு அது முப்பத்திரண்டு வருடமாகத் தெரியும்.

"சொல்லுங்க அண்ணாச்சி, எந்தப் பக்கம்?" என்றான் பரமன்.

தங்கையா எட்டிப் பார்த்தார். கடைசியில் நிற்கிறவருக்கு வாசல் தெரியவில்லை. ரோஸ்லினின் முதுகுதான் தெரிந்தது.

அப்போது அவர் தோளில் ஒரு சின்ன இழுப்பு வந்தது. ரோஸ்லின் கால் மாற்றியிருந்தாள். அவ்வளவுதான். தங்கையா அந்த இழுப்புக்கு அரை அடி கொடுத்தார். ரோஸ்லினுக்கு இடம் கிடைத்தது. அவள் மைதீனுக்குக் கொடுத்தாள். மைதீன் வயிற்றை எக்கிப் பரமனுக்குக் கொடுத்தார். விறைத்திருந்த கை தளர்ந்து தோளில் இறங்கியது. சந்திலிருந்து இசக்கியம்மாள் ஓர் எட்டு எடுத்து வைத்தார். அந்த எட்டு ஒவ்வொரு தோளாக ஏறி இறங்கிக் கடைசிவரை வந்து சேர்ந்தது.

தங்கையாவும் ஓர் எட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு யாரும் இடது வலது பேசவில்லை. அரைவட்டம் நீண்டு வரிசையானது. வரிசை வாசலில் நுழைந்தது, சுவரை உரசாமல் சந்துக்குள் மடங்கி மறுபடி நீண்டது. பரமன் போனான். மைதீன் போனார். ரோஸ்லின் நிலைப்படியில் தலையைக் குனிந்தபோது தங்கையா தன்னை அறியாமல் குனிந்தார். நிமிர்ந்தபோது மேலே வானம் இருந்தது.

வெளியே வந்துவிட்டார்கள்.

சந்தில் இருந்தவர்கள் வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி கைதட்டினாள். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரை வைத்துவிட்டுத் தட்டினார்கள். ஐந்து பேரும் நிற்காமல் தெருவுக்கே வந்துவிட்டார்கள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்காமல் மெல்ல ஊர்ந்து வந்தது.

"லாரி இந்தா நிக்கி" என்றார் மைதீன்.

"லாரி எதுக்கு பாய்?" என்றான் பரமன். "இப்படியே மதுரைக்கு நடந்துருவோம்."

ரோஸ்லின் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கம்பி நடுங்கியது. அது ஐந்து பேருக்கும் தெரிந்தது.

லாரியின் பின்பலகையை இறக்கிப் பலகைச் சரிவில் ஏறினார்கள். மேலே மறுபடி அரைவட்டமாக நின்று, மெல்ல உட்கார்ந்து, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மைதீன் மட்டும் வரவில்லை.

"மாட்டிக்கிட்டேன் அண்ணாச்சி."

"மூச்ச இழுங்க."

"இழுத்துட்டேன். இதுக்கு மேல இழுத்தா மௌத்துதான்."

தங்கையா முட்டி போட்டு, வயிற்றுப் பக்கத்து வளைவுகளை இரண்டு கையாலும் விரித்துக்கொடுத்தார். மைதீன் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வந்தார். கடையில் பால் பொங்குகிறது என்று யாரோ சொல்ல, ஓடினார்.

பரமன் வண்டியை உயிர்ப்பித்துவிட்டான். தங்கையா சிற்பத்தைச் சுற்றிவந்து பார்த்தார். ஓர் ஒட்டு இல்லை, ஓர் அறுப்பு இல்லை. கையைக் கம்பியின்மேல் ஓடவிட்டுக்கொண்டே நடந்தவர் மூன்றாவது ஆளிடம் நின்றார். இடுப்பில் இரண்டு பக்கமும் கம்பி விரிந்து புடைத்திருந்தது. மற்ற நாலு பேரும் நாலு மாதம் அவர் வளைத்தபடியே ஒல்லியாக நின்றார்கள்.

பையிலிருந்து பிளேயரை எடுத்தார்.

"என்ன பண்ணுதீங்க?" என்று கீழேயிருந்து கேட்டார் இசக்கியம்மாள்.

"இந்த ஆளு மட்டும் உருக்கொலைஞ்சு போச்சு டீச்சர். ரெண்டே நிமிசம். பழையபடி ஆக்கிருதேன்."

இசக்கியம்மாள் சக்கரத்தில் கால் வைத்து லாரியில் ஏறினார். மூன்றாவது உருவத்தின் புடைத்த இடுப்பைப் பார்த்தார். பிளேயரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"விட்டுருங்க அண்ணாச்சி. அதுக்குள்ள ஒரு ஆள் இருந்திருக்காரு."