முதுகில் கொம்பு முளைத்த காண்டாமிருகம்

கோரைப்புல் மண்டிய சதுப்புக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதன் தெற்குக் கரையில், எந்தக் கோடையிலும் வற்றாத சேற்றுப் பள்ளம் ஒன்று உண்டு. கருங்கோடன் என்ற காண்டாமிருகம் அதில்தான் புரளும். தும்பை என்ற உண்ணிக்கொக்கு அதன் முதுகில் ஏறிக்கொண்டு, தோல் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் உண்ணிகளைக் கொத்தித் தின்னும்.

"கொஞ்சம் இடது பக்கம், தும்பை!"

"அங்கே ஒன்றும் இல்லை. உனக்குச் சும்மா சொறிந்துவிட வேண்டும், அவ்வளவுதானே!"

"தெரிந்தால் சொறிந்துவிடேன்!"

இப்படியே அவர்களுடைய காலம் இனிமையாகப் போனது.

ஒரு நாள் மனிதர்கள் பறையடித்துக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். குழி வெட்டிக் கருங்கோடனைப் பிடித்தார்கள். காலில் சங்கிலி பூட்டி, வண்டியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். தும்பை வண்டிக்கு மேலேயே பறந்து வந்தாள். கப்பல் கரையை விட்டு நகர்ந்த பிறகும் விடவில்லை. சிறகு வலித்தது.

"திரும்பிப் போய்விடு தும்பை!" என்று கருங்கோடன் கப்பலிலிருந்து கத்தினான். "கடலில் நீ உட்கார இடம் கிடையாது!"

தும்பை திரும்பினாள்.

அதன்பின் எத்தனையோ மழைக்காலங்கள் வந்து போயின. ஒரு பெரிய வெள்ளத்தில் பழைய விலங்குகள் எல்லாம் திசைக்கொன்றாகப் போய்விட்டன. புதிதாக மான்களும் காட்டுப்பன்றிகளும் நரிகளும் வந்து குடியேறின. கருங்கோடனைப் பார்த்தவள் என்று குளத்தங்கரையில் தும்பை மட்டுமே மிஞ்சினாள். அவளும் எருமைகளின் முதுகில் உட்கார்ந்து பார்த்தாள். அவை நல்லவைதான். ஆனால் காலையிலிருந்து மாலை வரை தங்கள் வயிற்றைப் பற்றியே பேசின. தும்பை தலையாட்டிக்கொண்டே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் துறைமுகத்துக் காகம் ஒன்று அலகில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொண்டு வந்தது. மாலுமி ஒருவனின் பெட்டியிலிருந்து திருடியது.

"தும்பை! இதோ உன் கருங்கோடன்! கடலுக்கு அப்பால் மரப்பலகையில் இவனைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்திருக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு இந்தப் படம்தானாம்!"

தும்பை ஆவலோடு குனிந்து பார்த்தாள். படத்திலிருந்த விலங்கு உடல் முழுக்கத் தகடு தகடாகக் கவசம் அணிந்திருந்தது. கால்களில் மீன் செதில்கள். மூக்கின்மேல் ஒரு கொம்பு. போதாததற்குத் தோளுக்குப் பின்னால், முதுகின்மேல், திருகிவிட்டதுபோல இன்னொரு குட்டிக் கொம்பு!

"இவனா? கவசமெல்லாம் இருக்கிறதே..." என்று இழுத்தாள் தும்பை.

"பெரிய கலைஞர் செதுக்கியது! உனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாதா?" என்றது காகம்.

கண்ணை மட்டும் உற்றுப் பார்த்தாள். தாழ்ந்த இமை. எதையோ பறிகொடுத்த பார்வை. கப்பலின் மேல்தட்டில் அவள் கடைசியாகப் பார்த்த கண் போலவே அவளுக்குத் தோன்றியது. தும்பைக்கு அழுகை வந்துவிட்டது. படம் அவனுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள்.

இதையெல்லாம் ஒரு நரி கவனித்துக்கொண்டிருந்தது. சூழ்வன் என்று அதற்குப் பெயர். அது படத்தைப் பக்குவமாக எடுத்து அத்திமரப் பொந்தில் சாய்த்து வைத்தது. பிறகு எல்லா விலங்குகளையும் கூப்பிட்டது.

"கேளுங்கள்! இவர்தான் நம் குளத்தின் காவலர். ஒரு நாள் திரும்பி வருவார். அதுவரை தெற்குப் பள்ளத்தில் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. மீறினால் அந்த முதுகுக் கொம்பால் குத்திக் கிழித்துவிடுவார்! பள்ளத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்."

விலங்குகள் நடுங்கிப்போயின. அன்று முதல் வற்றாத அந்தப் பள்ளத்தில் சூழ்வனின் குடும்பம் மட்டும் நண்டு பிடித்துத் தின்று, குளிர்ச்சியாகப் படுத்துக் கிடந்தது.

தும்பை இதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவளுக்குப் படம் போதும். மாலையானால் பொந்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். மான்குட்டிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்கும்.

"தும்பையக்கா! அவர் நடந்தால் கவசம் கிணுகிணுவென்று சத்தம் போடுமா?"

முதலில் அவள் பதில் சொல்லாமல் மழுப்பினாள். பிறகு ஒரு நாள், "போடும்" என்றாள். இன்னொரு நாள், "வெயில் பட்டால் கண் கூசும்" என்றாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே பழகிப்போனது. கண்ணை மூடினால் இப்போதெல்லாம் கவசம் போட்ட கருங்கோடன்தான் வந்தான். சொறிந்துவிடச் சொல்லிக் கெஞ்சும் கருங்கோடன் எங்கேயோ தூரப் போய்விட்டான்.

ஒரு கொடிய கோடை வந்தது. குளத்தின் மற்ற மூன்று பக்கமும் வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. குட்டிகள் தாகத்தில் துவண்டன. அப்படியும் தெற்குப் பள்ளத்தின் பக்கம் போக யாருக்கும் துணிவு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு ஒரு காண்டாமிருகம் வந்தது. இளைத்துப்போன உடம்பு. சாம்பல் நிறத் தோல் தொங்கியது. பின்னங்காலில் சங்கிலித் தழும்பு. தள்ளாடியபடி நேராகத் தெற்குப் பள்ளத்தை நோக்கி நடந்தது.

"நில்!" என்று பாய்ந்து வந்தான் சூழ்வன். "யார் நீ?"

"நான் கருங்கோடன். இந்தக் குளத்துக்காரன். அக்கரை அரசனுக்கு நான் சலித்துப்போனேன். வேறொரு அரசனுக்குப் பரிசாகக் கப்பலில் அனுப்பினான். வழியில், நம் காட்டு ஆற்றின் முகத்துவாரத்தில் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. நீந்திக் கரையேறி, ஆற்றோரமாகவே நடந்து வருகிறேன். வழிவிடு, தாகம் உயிரை வாங்குகிறது!"

"பொய்! பொய்!" என்று ஊளையிட்டான் சூழ்வன். "கருங்கோடன் என்றால் கவசம் எங்கே? முதுகுக் கொம்பு எங்கே? எல்லோரும் படத்தைப் பாருங்கள், இவனையும் பாருங்கள்!"

விலங்குகள் மாறி மாறிப் பார்த்தன. காட்டுப்பன்றித் தலைவர் முன்னால் வந்து நின்றார்.

"எங்களுக்கு எது உண்மை என்று தெரியாது. தும்பையம்மா, காவலரை நேரில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். இவர் அவர்தானா? நீங்கள் இல்லை என்றால் இவரை விரட்டிவிடுகிறோம்."

தும்பை அந்த இளைத்த விலங்கைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். நாள்தோறும் பார்த்த படம். அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. எதிரே நின்றதோ யாரோ ஒரு கிழட்டு விலங்கு.

"கவசம்... இருந்தது" என்றாள் மெல்ல. "இருந்தது என்றுதான் நினைவு."

கருங்கோடன் கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவளையே சற்று நேரம் பார்த்தான்.

"நீ நன்றாக இருக்கிறாய், தும்பை. அதைப் பார்த்துவிட்டேன். நான் வருகிறேன்" என்றான்.

பன்றிகள் அவனை நெருக்கித் தள்ளின. அவன் திரும்பினான். ஆனால் உடனே நடக்கவில்லை. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு நொடி அப்படியே அசையாமல் நின்றான். அந்தக் காலத்தில் எங்கே கிளம்பினாலும் அவன் அப்படித்தான் நிற்பான். தும்பை ஏறிக்கொள்ளட்டும் என்று! இத்தனை வருடம் கழித்தும் அவன் உடம்புக்கு அது மறக்கவில்லை.

தும்பை யோசிக்கவே இல்லை. சிறகு தானாக விரிந்தது. அடுத்த நொடி அவள் அவன் முதுகில் இருந்தாள். தோளுக்குப் பின்னால், சற்றே பள்ளமான அந்த இடத்தில் அவளுடைய கால்கள் அச்சாகப் பொருந்தின.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தில் குட்டிக் கொம்பு முளைத்திருந்தது சரியாக அதே இடத்தில்தான்!

"ஐயோ!" என்று கத்தினாள் தும்பை. "இங்கே கொம்பு இருந்திருந்தால் அத்தனை காலம் நான் எங்கே உட்கார்ந்தேன்? இவன் உடம்பு முழுக்க இரும்புத் தகடு என்றால் அதில் உண்ணி எப்படி ஏறும்? உண்ணி இல்லையென்றால் நான் எதைத் தின்று வளர்ந்தேன்? நான் சொன்னது தப்பு! படம்தான் பொய்! இவன் கருங்கோடன்! என் கருங்கோடன்!"

பன்றித் தலைவர் சூழ்வனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியானால் முதுகுக் கொம்பால் குத்துவார் என்று நீர் எங்களை மிரட்டியது?"

"நான்... படத்தில் இருந்ததைத்தானே சொன்னேன்!" என்று பின்வாங்கினான் சூழ்வன்.

"பள்ளத்தில் உன் பிள்ளைகள் படுத்துக் கிடப்பதும் படத்தில் இருக்கிறதா?" என்று ஒரு மான்குட்டி கேட்டது.

அவ்வளவுதான். பன்றிகள் உறுமிக்கொண்டு பாய்ந்தன. சூழ்வனின் குடும்பம் வாலைச் சுருட்டிக்கொண்டு கோரைக்குள் ஓடியது. குட்டிகள் முதலில் தண்ணீர் குடித்தன. எல்லோரும் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, கருங்கோடன் கடைசியாகக் குடித்தான். பிறகு பெருமூச்சு விட்டபடி சேற்றில் சரிந்தான்.

"அக்கரையிலும் இதே கதைதான்" என்றான். "என்னைக் கண்ணால் பார்க்காமலே, யாரோ சொன்னதைக் கேட்டுச் செதுக்கிய படம் அது. கூண்டுக்கு வருகிறவர்கள் படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, 'படத்தில் இருப்பதுதான் அசல் மாதிரி இருக்கிறது' என்று சலித்துக்கொண்டு போவார்கள்."

தும்பை தலை குனிந்தாள்.

"நானும் அவர்களைப் போலத்தானே நடந்துகொண்டேன், கருங்கோடா."

அவன் ஒரு காதை ஆட்டிச் சிரித்தான்.

"நான் மட்டும் என்னவாம்? கூண்டுக்குள் கிடந்தபடி உன்னை நினைத்து நினைத்து, யானை உயரத்துக்கு உன்னை வளர்த்து வைத்திருந்தேன். பாலில் தோய்த்தெடுத்த வெள்ளை. தங்கத்தில் அலகு. இப்போது பார்த்தால் ஒரு பிடி இருக்கிறாய். காலெல்லாம் சேறு!"

தும்பை பொய்க்கோபத்தோடு அவன் காதைக் கொத்தினாள். அப்புறம் இருவரும் குளமே அதிரச் சிரித்தார்கள்.

அன்பானவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை, பிறர் அலங்கரித்துத் தரும் படத்தில் தேடக் கூடாது. அவர்களோடு நாமே வாழ்ந்து அறிந்ததைத்தான் நம்ப வேண்டும்.