போகச் சொன்ன சாமி

மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழர்கள் அத்தனை பேரும் 'சாமி'தான். "எம்பேரு முத்திருளன், துரை" என்று ரப்பர் மரத்தைக் கத்தியால் கீறிப் பால் எடுக்கிற முத்திருளன் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "தமிழனுக்கு எங்கள் பாஷையில் அதுதான் பேர்" என்று துரை முடித்துவிடுவார்.

ஒருநாள் முத்திருளன், "கிணத்துத் தண்ணி நாறுது, துரை. பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது" என்று போய் நின்றான். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே துரை கத்தினார்: "சாமிக்கு இனி இங்கே வேலை இல்லை. நாளைக்குள் தோட்டத்தைவிட்டுப் போகவேண்டும்."

மறுநாள் ஒரு மரத்திலும் கத்தி படவில்லை. மூட்டை முடிச்சோடு தோட்டமே பங்களா வாசலில் நின்றது.

"என்ன கூத்து இது?"

"நீங்கதானே சாமியைப் போகச் சொன்னீங்க. கிளம்பிட்டோம்."

துரை படியிறங்கி வந்தார். "நீங்கள் இல்லை. தண்ணீர் நாறுகிறது என்றானே, அவன் ஒருவன்தான். அவன் பேர் என்ன?"

துரைக்கு நேரெதிரே நின்ற முத்திருளன்தான் பதில் சொன்னான்.

"சாமி, துரை."

அன்றைக்கே துரை சொல்லிக் கிணற்றை இறைத்துத் தூர்வாரினார்கள்.